மாத்திரை விற்ற காசில் தமிழிசையை அச்சில் ஏற்றியவர்! - ஆபிரகாம் பண்டிதர் கதை

எங்க ஊர் செஞ்சி. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா, பாறையைக் குவிச்சு வெச்ச மாதிரி மூணு மலை தெரியும்ல, அதேதான். ராஜகிரி உச்சியில நின்னு ரீல்ஸ் எடுக்காத ஆளே இப்போ கிடையாது. 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல கோட்டை இடம்பிடிச்ச பிறகு கூட்டம் இன்னும் ஜாஸ்தி.

ஆனா, எனக்குக் கோட்டையை அறிமுகப்படுத்தினது கல்வெட்டோ, கைடோ இல்ல. எங்க ஆயா. கரன்ட் போன ராத்திரியில திண்ணையில உட்கார்ந்து தேசிங்கு ராஜா கதையைப் பாட்டாவே பாடுவாங்க. 1714-ல ஆற்காட்டு நவாப் படையை எதிர்த்துச் செத்துப்போன இளவயசு ராஜா. அவன் ஆண்டது சில மாசம்தான். வரலாற்றுப் புத்தகத்துல அவனுக்குக் கிடைச்சது சில பக்கம். ஆனா குதிரை, நண்பன், கல்யாணம்னு அவன் மொத்த வாழ்க்கையும் 300 வருஷமா எங்க ஊர்ல ஓடிக்கிட்டு இருக்குன்னா, அதுக்குக் காரணம் பாட்டு.

ஆயா போய் நாலு வருஷம் ஆச்சு. என் போன்ல 128 ஜி.பி இடம் இருக்கு. பிரியாணி வீடியோ இருக்கு, நாய்க்குட்டி வீடியோ இருக்கு. ஆயா பாடின பாட்டு ஒரு நிமிஷம்கூட இல்ல. அப்புறம் எடுத்துக்கலாம்னு விட்டதுதான். எப்பவும் அங்கேயேதானே உட்கார்ந்திருப்பாங்கன்னு ஒரு நெனப்பு.

அந்த உறுத்தலோட இருந்தப்போதான் ஆபிரகாம் பண்டிதரைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ஒருத்தர் தொண்டையில மட்டும் இருக்கிற இசை அவரோடயே போயிடும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டு, அதுக்காகச் சம்பாத்தியத்தைக் கொட்டின மனுஷன். சாமானிய வாழ்க்கை இல்ல அது.

வாத்தியார், போட்டோகிராபர், வைத்தியர்

1859 ஆகஸ்ட் 2. தென்காசி பக்கம் சாம்பவர் வடகரை என்ற ஊரில் முத்துசாமி - அன்னம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் ஆபிரகாம். எளிய கிறிஸ்தவக் குடும்பம். படிப்பில் கெட்டி. ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். அங்கேதான் அவர் வாழ்க்கையின் இரண்டு கதவுகளும் திறந்தன.

ஒன்று, இசை. திண்டுக்கல்லில் சடையாண்டி பத்தர் என்பவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். இன்னொன்று, மருத்துவம். சின்ன வயதிலிருந்தே மூலிகை மேல் அவருக்குப் பைத்தியம். தேனி பக்கம் இருக்கும் சுருளிமலைக்குப் போனவர், அங்கே கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்தார். அவரைக் குருவாக ஏற்று சித்த மருந்து செய்முறைகளைக் கற்றார். ஒரு கிறிஸ்தவ வாத்தியாருக்கு மலையில் இருக்கும் சித்தர் குரு! பைபிளையும் விடவில்லை, குருவையும் விடவில்லை. கடைசி வரை இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்.

நடுவில் போட்டோ எடுக்கவும், அச்சு வேலையும் கற்றுக்கொண்டார். எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்யுதுன்னு பிரிச்சுப் பார்க்கிற ஆள்னு நம்ம வீட்டுல ஒருத்தர் இருப்பாங்கல்ல? அந்த ரகம்.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளோடு கல்யாணம். அடுத்த வருடம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் மனைவி தலைமையாசிரியர், கணவர் தமிழ் ஆசிரியர். 1880-களில் இப்படி ஒரு ஜோடி என்பதை யோசித்துப் பாருங்கள்!

ஸ்கூல் நேரம் போக, வீட்டில் மருந்து தயாரித்தார். குணமானவர்கள் சொல்லிச் சொல்லி, கூட்டம் கூடியது. 1890 வாக்கில் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். அவருடைய கோரோசனை மாத்திரைக்கு அப்போது அவ்வளவு மவுசு. இந்தியாவின் பல ஊர்களோடு, கடல் கடந்து இலங்கைக்கும் போனது.

காசு வந்தது. தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கினார். மூலிகை, கரும்பு, பழமரங்கள் என்று ஒரு பெரிய பண்ணையே உருவானது. குரு நினைவாக அவர் வைத்த பெயர் கருணானந்தபுரம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பண்டிதர் தோட்டம். அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால், வெற்றிகரமான மருந்து வியாபாரி ஒருவரின் வாழ்க்கை. அவ்வளவுதான். ஆனால் அவருக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது.

ச-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவில் எத்தனை?

கேள்வி இதுதான். கீழ் ச-வில் இருந்து மேல் ச-வுக்குப் போவதற்குள் மொத்தம் எத்தனை சுருதிகள் இருக்கின்றன?

இதுல என்ன இருக்குன்னு தோணும். உங்க போன்ல ஒரு பியானோ ஆப் இறக்கிப் பாருங்க. ச-வில் இருந்து அடுத்த ச வருவதற்குள் வெள்ளையும் கறுப்புமாகச் சேர்த்து 12 கட்டைகள். ஆனால் நம் பாட்டுக்காரர்கள் அந்தப் 12-லேயே நிற்பதில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இழைந்து போவார்கள். அந்த நுணுக்கமான இடங்களைத்தான் சுருதி என்று கணக்கிட்டார்கள். பரதரின் நாட்டிய சாஸ்திரமும், 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் சொன்ன எண்ணிக்கை 22. பல நூற்றாண்டுகளாக எல்லோரும் ஒப்புவித்ததும் அதைத்தான்.

பண்டிதர் கையில் வயலினை வைத்துக்கொண்டு அதைச் சோதித்தார். அவருக்கு 22 கணக்கு உதைத்தது. வித்வான்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். போதாததற்கு, பல வித்தைகள் அந்தந்தப் பரம்பரைக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தன. குரு சொன்னால்தான் உண்டு. குரு சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டால், அதோடு சரி.

அப்போது அவர் கையில் கிடைத்த புதையல், சிலப்பதிகாரம். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து, 1892-ல் அடியார்க்கு நல்லார் உரையோடு அதை அச்சிட்டிருந்தார். நாம் ஸ்கூலில் கண்ணகி, கோவலன், சிலம்பு என்று படித்த கதைக்குள் ஒரு முழு இசைப் பாடமே ஒளிந்திருந்தது. மாதவி அரங்கேறும் காதையில் யாழ் மீட்டும் முறை. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ச ரி க ம ப த நி-க்குத் தமிழ் வைத்திருந்த பெயர்கள்.

இன்னும் சுவாரஸ்யம், வட்டப்பாலை. ஜாதகக் கட்டம் பார்த்திருப்பீர்களே, 12 வீடு. அதேபோல 12 ராசி வீடுகளில் ஏழு சுரங்களையும் நிறுத்துவது. எந்த வீட்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதை மாற்றினால் பண் மாறும். இதற்குப் பண்ணுப்பெயர்த்தல் என்று பெயர்.

அந்த பியானோ ஆப்பை மூடிடாதீங்க. வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையா அடிங்க. ச-வில் (ஆப்பில் சி என்று இருக்கும்) தொடங்கி அடித்தால் சங்கராபரணம். அடுத்த கட்டையை ச-வாக வைத்துக்கொண்டு அதே வெள்ளைக் கட்டைகளை அடித்தால் கரகரப்பிரியா. அதற்கடுத்ததில் தோடி. அடுத்து கல்யாணி. பிறகு ஹரிகாம்போதி. கட்டைகள் அதேதான், தொடங்கும் இடம் மட்டும்தான் வேறு! ஆய்ச்சியர் குரவையில் அந்தப் பெண்கள் வட்டத்தில் நின்று ஆடியதற்குள் இந்த விஷயம்தான் இருக்கிறது.

இதைக் கண்டதும் பண்டிதர் பிடித்துக்கொண்டார். இன்று கர்னாடக சங்கீதம் என்று சொல்லப்படுவதன் வேர் பழந்தமிழ் இசையில் இருக்கிறது, அதன் கணக்கு 12-ம் அதன் இரட்டிப்பான 24-ம்தான் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

சொந்தக் காசில் ஏழு மாநாடு

வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டு, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மறுக்கக்கூடியவர்களையே வரவழைத்தார்.

1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டிலிருந்து 1916-க்குள் ஏழு இசை மாநாடுகள். வித்வான்கள், அறிஞர்கள், பணக்கார ரசிகர்கள் என்று பலரையும் அழைத்து, எல்லோர் முன்னாலும் பாடி, வாசித்து, கணக்குப் போட்டு விவாதிப்பது. செலவு? மாத்திரை விற்ற காசு. இன்றைக்கு ஒரு சின்ன ஈவென்ட் நடத்தவே ஸ்பான்சர் தேடி நாக்குத் தள்ளுது. இவர் ஏழு மாநாடுகளைத் தன் கையிலிருந்து நடத்தினார்.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. இந்துஸ்தானி இசையை ஊர் ஊராகத் தேடித் தொகுத்த பாத்கண்டே முன்னின்று நடத்தியது. பண்டிதர் தன் மகள்களோடு போனார். அப்பா பேச, மகள்கள் பாடியும் வீணை வாசித்தும் காட்டினார்கள். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் மேடையேறிப் பாடலாமா என்று ஊர் முகம் சுளித்த காலம் அது. அவருடைய ஆராய்ச்சிக்கு நிரூபணமாக நின்றதே அவர் வீட்டுப் பெண்களின் குரலும் விரலும்தான்.

22-ஆ, 24-ஆ என்ற சண்டை அங்கே முடியவில்லை. முடிகிற சண்டையும் இல்லை அது.

கடலளவு புத்தகம்

1917-ல் வந்தது கருணாமிர்த சாகரம். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய பிரமாண்டம். தலையணைன்னு சொல்வோம்ல, நிஜமாவே அந்த சைஸ். வெளியில் கொடுத்து அச்சடித்தால் சரிப்படாது என்று, தஞ்சாவூரில் தனக்கென்று லாலி மின்சார அச்சகத்தையே வைத்துக்கொண்டார். சுர எழுத்துகள், வட்டங்கள், பக்கம் பக்கமாக எண் அட்டவணைகள். இதையெல்லாம் அந்தக் காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் அச்சிட வேண்டும்.

அந்தக் கணக்கின் ருசிக்கு ஒரு சாம்பிள். ச-வில் இருந்து ப-வுக்குப் போனால் ஒலியின் அதிர்வு ஒன்றரை மடங்காகும். அந்த ப-வையே ச-வாக வைத்து அடுத்த ப, பிறகு அதற்கடுத்த ப என்று 12 தடவை ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டி மறுபடி ச-வில் வந்து நிற்க வேண்டும். ஏழு ஸ்தாயி என்றால் சரியாக 128 மடங்கு. ஆனால் ஒன்றரையை 12 தடவை பெருக்கினால் வருவது 129.7! வட்டம் மூட மாட்டேன் என்கிறது. அந்தத் துளி வித்தியாசத்தை எங்கே தள்ளுவது என்பதுதான் உலகம் முழுக்க இசைக் கணக்காளர்களின் தலைவலி. வித்தியாசத்தை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டால் பியானோவின் 12 கட்டை கிடைக்கும். தமிழர் வட்டப்பாலையும் சமமான பங்கீடுதான் என்றார் பண்டிதர்.

இதைப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. சிலப்பதிகார வரிகளில் சமமான பங்கீடு இருப்பதாகப் படிப்பது அதிகம் என்று சிலர் சொன்னார்கள். கமகத்தோடு இழையும் நம் பாட்டை எந்தச் சமக் கணக்கிலும் அடைக்க முடியாது என்பது இன்னொரு வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரோடு சண்டை போடுவதற்குக்கூட எல்லோரும் அவர் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டியிருந்தது. அதுவரை எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றே தெரியாமல் இருந்ததே!

ஆராய்ச்சி மட்டும் இல்லை. அவர் பாட்டும் கட்டினார். இசை கற்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாடங்களில் பெரும்பாலானவை தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருந்தன. அர்த்தம் தெரியாமல் வாயசைக்க வேண்டாமே என்று கீதம், சுரஜதி, வர்ணம், கீர்த்தனை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட அந்தப் பாட்டுகளை, சுரக் குறிப்போடு, கருணாமிர்த சாகரத் திரட்டு என்று புத்தகமாகப் போட்டார். யாரும் வாங்கிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இன்றைய யூடியூப் டுடோரியலுக்குக் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அதே காலம், ஹங்கேரியில் ஒருத்தர்

இதைப் படிச்சப்போ எனக்கு இன்னொருத்தர் ஞாபகம் வந்தார். ஹங்கேரியின் இசையமைப்பாளர் பேலா பார்டோக். 1881-ல் பிறந்தவர்.

1904-ல், கோடைக்காலத்துக்குத் தங்கியிருந்த இடத்தில், பக்கத்து அறையில் ஒரு பணிப்பெண் தன் ஊர்ப் பாட்டைப் பாடுவது அவர் காதில் விழுந்தது. ஆள் ஆடிப்போனார். இத்தனை நாள் ஹங்கேரி இசை என்று நகரத்து ஹோட்டல்களில் கேட்டது வேறு, இது வேறு! அடுத்த சில வருடங்களில் நண்பர் கோடாயுடன் சேர்ந்து, எடிசனின் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். மெழுகு உருளையில் கிழவிகளின் பாட்டைப் பதிந்தார். ஹங்கேரியோடு நிற்காமல் ருமேனியர், ஸ்லோவாக்கியர் பாட்டுகளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பாட்டுகள். அதையெல்லாம் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். குழந்தைகள் பியானோ பழக 153 சின்னச் சின்ன உருப்படிகள் எழுதி, மைக்ரோகாஸ்மோஸ் என்று ஆறு தொகுதியாக்கினார்.

பார்டோக்கும் பண்டிதரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இருவரையும் பிடித்து ஆட்டிய கவலை ஒன்றுதான். எழுதாவிட்டால் போய்விடும். எழுதினால், அடுத்த குழந்தைக்குப் பாடமாகும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பார்டோக் தேடிப்போனது வயல்காட்டுக் குரல்களை. பண்டிதர் தேடியது பழைய நூல்களையும் வித்வான்களின் கச்சேரி இசையையும். திண்ணையில் தேசிங்கு கதை பாடும் ஆயாக்கள் அவர் ஆராய்ச்சியின் மையத்தில் இல்லை. அந்த வேலை பாக்கி இருக்கிறது.

அறுபதில் நின்ற மூச்சு

புத்தகம் வந்து இரண்டே வருடம். 1919 ஆகஸ்ட் 31-ல் பண்டிதர் காலமானார். வயது 60. கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகம் அப்போது அச்சாகவில்லை.

பிள்ளைகள் அதை விட்டுவிடவில்லை. 1946-ல், அப்பா இறந்து 27 வருடங்களுக்குப் பிறகு, இரண்டாம் பாகம் வெளிவந்தது. பரோடாவில் அப்பாவுக்காகப் பாடிய குடும்பம், அவர் போன பிறகும் அவர் எழுத்துக்காக நின்றது. மகன் வரகுண பாண்டியன் யாழ் பற்றித் தனியாக ஆராய்ந்து, பாணர் கைவழி என்ற நூலை எழுதினார்.

அதற்குள் ஊரே மாறியிருந்தது. 1940-களில் தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டு பாட வேண்டும் என்ற தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1947-ல் இலங்கையின் விபுலானந்த அடிகள் யாழ் நூல் வெளியிட்டார். சிலப்பதிகாரத்தை இசை நூலாகவும் படிக்கலாம் என்ற பாதையில் இவர்களுக்கு முன்னால் நடந்தவர், மாத்திரை விற்ற அந்தத் தஞ்சாவூர் வைத்தியர்.

தஞ்சாவூரில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போகிற எத்தனை பேருக்கு, அவர் யாரென்று தெரியும்?

மறுபடி செஞ்சி

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஆயாவோட தங்கச்சி, எனக்குச் சின்ன ஆயா, இன்னும் இருக்காங்க. எண்பதைத் தாண்டியாச்சு. காது சரியாக் கேக்காது. தேசிங்கு ராஜா பாட்டு தெரியுமா ஆயான்னு காதுகிட்டப் போய்க் கத்தினேன். அதெல்லாம் அக்காதான் பாடும், எனக்கு எங்க ஞாபகம் இருக்குன்னாங்க. வெத்தலை போட்டாங்க. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் தானாவே தொடங்கினாங்க.

நடுவுல ரெண்டு இடத்துல மறந்துட்டாங்க. ஒரு இடத்துல இருமல். பின்னாடி தெருவுல டிராக்டர் சத்தம். மொத்தம் 11 நிமிஷம் 40 செகண்ட்.

பண்டிதருக்கு ஒரு அச்சகமே தேவைப்பட்டது. பார்டோக் மெழுகு உருளை சுமந்தார். நமக்கு ஒரு சிவப்பு பட்டன் போதும். பாட்டு தெரிஞ்ச ஆயாவோ தாத்தாவோ உங்க வீட்டுல இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே போய் உட்காருங்க. ரெக்கார்டு பண்ணினதும் ஃபைலுக்குப் பேர் வைக்க மறந்துடாதீங்க. யார் பாடினது, எந்த ஊரு, என்ன தேதி, மூணும் வேணும்.

சின்ன ஆயா பாட்டை நான் மூணு இடத்துல சேமிச்சு வெச்சிருக்கேன். பெரிய ஆயா பாட்டுதான் இல்ல.